நாத்தனார் வாசலில் நிற்காத சைக்கிள்

எனக்கு ஒரு மெடல் வேணும்னு ஆசை. நாப்பத்தி மூணு வயசுல ஒருத்தி இப்பிடிச் சொன்னா சிரிக்கத்தான் செய்வாங்க. சிரிச்சாங்க. என் புருஷன் சிரிச்சாரு, பதினொண்ணாவது படிக்கிற என் பொண்ணு சிரிச்சா, சத்துணவுக்கூடத்துல என்கூட வேலை செய்யற அக்கா முருங்கைக்கீரை உருவிக்கினே சிரிச்சாங்க. சிரிச்சிட்டுப் போவட்டும்.

காரணம் இல்லாம ஆசை வரல. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துல ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்துல பதினாறு வருஷமா சத்துணவு சமைக்கிறவ நான். வருஷா வருஷம் ஆண்டு விழா வரும். மெடல் அடுக்கின தட்டைத் தூக்கிக்கினு மேடையில நிக்கிறது யாருன்னா நான்தான். "நல்ல பொடவையா கட்டிக்கினு வாம்மா"ன்னு முந்தின நாளே சொல்லிடுவாங்க. விருந்தாளியா வந்தவரு தட்டுலருந்து ஒண்ணொண்ணா எடுத்துப் புள்ளைங்க கழுத்துல மாட்டுவாரு. போட்டோக்காரரு "அம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி"ம்பாரு. பதினாறு வருஷ போட்டோவுல என் கை மட்டும் இருக்கு. வூட்டுக்கு வந்தா ஷோகேஸ்ல புருஷனோட கபடி ஷீல்டு, பொண்ணோட கோகோ மெடலு, ஓசூருக்கு வேலைக்குப் போயிட்ட பையன் கையெழுத்துப் போட்டியில வாங்கின கப்பு. என் பேருல அங்க இருக்கிறது ஒரு பீங்கான் வாத்து. அது பாத்திரக்கடையில இனாமாக் குடுத்தது.

இந்த நெலமையிலதான் பொண்ணு ஒரு நோட்டீஸ எடுத்துக்கினு வந்தா. டவுன்ல இருக்கிற ஒரு சைக்கிள் கிளப்புக்காரங்க கள்ளக்குறிச்சியிலருந்து கல்வராயன் மலைமேல வெள்ளிமலை வரைக்கும் சைக்கிள் பயணம் நடத்தறாங்களாம். குடும்பமாவும் வரலாம். இது போட்டி இல்ல, மொத ஆளு ரெண்டாவது ஆளுன்னு கெடையாது. பதினோரு மணிக்குள்ள மேல வந்து சேர்ற ஒவ்வொருத்தருக்கும் மெடலு. மலையில முடியாதவங்க எறங்கித் தள்ளிக்கினும் வரலாம், வண்டியில மட்டும் ஏறக் கூடாது. அவ அப்பாகிட்ட கையெழுத்து வாங்க வந்தவ, பாவம். நான் அதைப் புடுங்கி "ஒவ்வொருத்தருக்கும்"ங்கிற எடத்த மூணு வாட்டி படிச்சேன்.

"நாமளும் போறோம்"னேன்.

அவரு டிராக்டர் ஓட்டறவரு. அன்னிக்குக் கரும்பு லோடு எறக்கிட்டு வந்து சாப்ட உக்காந்திருந்தாரு. "இன்னாது போறோமா? கிட்டத்தட்ட நாப்பது கிலோமீட்டரு. அதுல பாதி மலை. நீ சைக்கிள் தொட்டே இருவது வருஷம் ஆவுது."

"தொட்டா ஆச்சு."

"விழுந்து கிழுந்து வெச்சா புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குவா?"

"நான் செத்துட்டேன்னா பாயாசம் போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் பேசாம சாப்புடுங்க"ன்னேன். அவரு பேசாம சாப்ட்டாரு. பேரு குடுத்துட்டோம்.

பையனுக்கும் பொண்ணுக்கும் பதினொண்ணாவதுல அரசாங்கம் குடுத்த சைக்கிள் ரெண்டு வூட்டுல இருந்துச்சு. பையனோடதுமேல நாங்க துணி காயப்போட்டுக்கினு இருந்தோம். அதைத் தொடைச்சிப் பொண்ணு எடுத்துக்கினா. பார் இல்லாத அவ சைக்கிளு எனக்கு. அவருக்குப் புல்லுக்கட்டு ஏத்தி ஏத்திப் பழகின பழைய சைக்கிளு. சின்ன வயசுல ஓட்டினது மறக்கவே மறக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மறந்துடுச்சு. மொத நாளு ஸ்கூல் கிரவுண்டுல கபடிக் கம்பத்தைக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னேன். ரெண்டாம் நாளு ரோட்டோரத்து மரவள்ளிக் கொல்லைக்குள்ளயே போயிட்டேன். கொல்லைக்காரரு வந்து பாத்துட்டு, "கெழங்கு வேணும்னா கேட்டிருந்தா நானே புடுங்கிக் குடுத்திருப்பனேம்மா"ன்னாரு. ஒரு வாரம் முட்டியில மஞ்சப்பத்து. அப்பறம் ஒரு சாயந்தரம் காலு தானா சுத்த ஆரம்பிச்சிது. பைபாஸ் பாலத்துலருந்து கீழ வரும்போது காத்து காதுக்குள்ள பூந்து, நான் தனியா சிரிச்சிக்கினு வந்தேன். எதிர்ல ஆட்டோ ஓட்டிக்கினு வந்தவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தான்.

இதெல்லாம் சரியா போச்சு. கெடுத்தது என் புருஷன்.

அவருக்குச் சொந்தக்காரங்கன்னா உயிரு. அவரு பொறந்து வளந்ததெல்லாம் கச்சிராயபாளையம் பக்கம். கள்ளக்குறிச்சியிலருந்து மலை அடிவாரம் வரைக்கும் ஒண்ணு விட்டு ஒரு ஊர்ல அவருக்கு ஆளு இருக்கு. எங்க பக்கத்துல சொந்தக்காரங்க வாசல் வழியா போனா உள்ள போயிட்டுத்தான் போவணும். போவலன்னா அது பஸ்ல போனாக்கூட தெரிஞ்சிடும், அடுத்த கல்யாணத்துல மூஞ்ச திருப்பிக்குவாங்க. அதனால பயணத்துக்கு மூணு நாளு முன்னாடி இவரு போனை எடுத்து வெச்சிக்கினு ஒவ்வொருத்தரா கூப்ட்டிருக்காரு. நான் அடுப்படியிலருந்து கேட்டுக்கினே இருந்தேன். "ஆமா சித்தப்பா, சைக்கிள்லதான். இல்ல இல்ல, ஒண்ணும் செய்யாதீங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்பிடியே கெளம்பிடுவோம்."

ஒரு வாய் தண்ணின்னு சொல்லிட்டு வர்றவங்களுக்குத் தண்ணி மட்டும் குடுக்கிற வூடு எங்க ஜில்லாவுலயே கெடையாது. அது எனக்கு அப்பவே ஒரைச்சிருக்கணும். நான் சுடிதாருக்கு எலாஸ்டிக் கோத்துக்கினு இருந்தேன்.

கடைசியா அவரு அக்காவுக்குப் போட்டாரு. என் நாத்தனாரு. அணையத் தாண்டி, மலை ஏறறதுக்கு முன்னாடி கடைசி ஊருல இருக்காங்க. மாமியாரு சீக்கிரமே போயிட்டதால, ஆறாவதுக்குப் போவ வேண்டிய வயசுல தம்பிய இடுப்புல தூக்கி வெச்சவங்க. அவங்க பேச்சுக்கு எங்க வூட்டுல மறுபேச்சு கெடையாது. அவங்க பையன் கல்யாணத்துல, எனக்கு மறுநாளு வேலை இருக்குன்னு ரிசப்ஷனுக்கு முன்னாடி கெளம்பிட்டோம். ரெண்டு வருஷம் என்கிட்ட பேசல. பேசலன்னா சும்மா இல்ல, நான் எதிர்ல உக்காந்திருக்கும்போதே "அவளுக்குக் காப்பி வேணுமான்னு கேளு"ன்னு என் பொண்ணுகிட்ட சொல்லுவாங்க. எனக்கு உலகத்துல ரெண்டே பேருகிட்ட பயம். ஒண்ணு ஆடிட்டுக்கு வர்றவங்க, இன்னொண்ணு அண்ணி. நாத்தனார நான் அப்பிடித்தான் கூப்புடறது.

தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுக்குப் போனா, அம்மாடி, ஏதோ வெளிநாடு மாதிரி இருந்துச்சு. பாண்டிச்சேரி, சேலம், மெட்ராஸ்லருந்தெல்லாம் வந்திருந்தாங்க. ஒடம்போட ஒட்டின டிரஸ்ஸு, தலையில ஹெல்மெட்டு, கண்ணுல கலர் கண்ணாடி, ஒரு விரல்ல தூக்கற சைக்கிளு. எங்க மூணு பேரு சைக்கிளும் அதுங்க நடுவுல எருமை மாதிரி நின்னுச்சு. மெட்ராஸ்காரரு ஒருத்தரு என் சைக்கிளக் குனிஞ்சி பாத்து, "எத்தனை கியருங்க?"ன்னாரு.

"ரெண்டு. வலது காலு, இடது காலு"ன்னேன். பொண்ணு தலையில அடிச்சிக்கினா.

என் புருஷன் பாட்டுக்குப் பையிலருந்து எலுமிச்சம்பழம் எடுத்து எங்க மூணு சைக்கிள் டயருக்கும் அடியில வெச்சி, கற்பூரம் காட்டினாரு. புது லாரி வாங்கினா எப்பிடிப் பண்ணுவாங்களோ அப்பிடி. எனக்கு மானம் போச்சு. ஆனா அந்த மெட்ராஸ்காரரு, "எனக்கு ஒண்ணு கெடைக்குமா"ன்னு கேட்டாரு. இவரு குடுத்தாரு. அதப் பாத்து பக்கத்துல ஒரு பொண்ணு கேட்டா. பையில இருந்த பழமெல்லாம் காலியாயி, விசில் ஊதினப்ப முன்னாடி இருந்த பாதிப் பேரு எலுமிச்சம்பழத்த நசுக்கிக்கினுதான் கெளம்பினாங்க. கிரவுண்டு முழுக்க ஊறுகாய் போடற எடம் மாதிரி மணந்துச்சு.

மொத ஒரு மணி நேரத்த எப்பிடிச் சொல்றது. சிலுசிலுன்னு காத்து. ரோட்டோரத்துல பாதி தூரம் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தாங்க, மஞ்சளா நீட்டுக்கும். கரும்பு டிராக்டருங்க எதிர்ல வரும், ஓட்டறவங்கல்லாம் இவரோட கூட்டாளிங்க, ஆரன் அடிச்சிக் கைய ஆட்டுவாங்க. எனக்கு ஒடம்புல எங்கயுமே வலி இல்ல. பொண்ணு ரெண்டு கையையும் உட்டுட்டு ஓட்டினா, திட்ட வாயெடுத்தேன், திட்டு வரல, சிரிப்புதான் வந்துச்சு. "ம்மா, இப்பிடியே போனா எட்டு மணிக்கு முன்னாடி அடிவாரம். அதுக்கு மேல மூணு மணி நேரம் இருக்கு. தள்ளிக்கினு போனாக்கூட மெடலு"ன்னா. போனை அவதான் வெச்சிருந்தா, மணி பாக்கிற வேலையும் அவளோடது.

அப்பதான் தூரத்துல ரோட்டு மேல நாலு பிளாஸ்டிக் சேரு தெரிஞ்சிது.

சித்தப்பா வூடு. சேருக்குப் பக்கத்துல டேபிளு, டேபிளு மேல இட்லி, வடை, கேசரி, மூணு சால்வை. ஒரு வாய் தண்ணிய எங்கயும் காணோம். "சாப்டாம எப்பிடிம்மா மலை ஏறுவ"ன்னு சித்தி எனக்கு நாலு இட்லி வெச்சாங்க. சால்வையப் போத்தி போட்டோ எடுத்தாங்க. அந்த மெட்ராஸ்காரரு அந்தப் பக்கமா போனாரு, "வாங்க சார், இட்லி சாப்டுங்க"ன்னு அவரையும் புடிச்சி உக்கார வெச்சாங்க. அவரு ரெண்டே இட்லியில எப்பிடியோ தப்பிச்சி ஓடிட்டாரு. எங்களால முடியல. இருவது நிமிஷம்.

அடுத்தது அவரோட மாமா வூடு. எளநி வெட்டி வெச்சிருந்தாங்க, அது சரி, வேகமா குடிச்சிடலாம். குடிச்சிட்டு கால பெடல்ல வெக்கிறேன், மாமி உள்ளருந்து தாம்பாளத்தோட வராங்க. வெத்தலை, பாக்கு, பழம், பூ, நடுவுல கல்யாணப் பத்திரிகை. அவங்க பேத்திக்கு மாசியில கல்யாணமாம். "எப்பிடியும் உங்க வூட்டுக்கு வந்து வெக்கணும், நீங்களே நேர்ல வந்துட்டீங்க, ரெண்டு பேரும் ஜோடியா நிக்கறீங்க, இதைவுட நல்ல நேரம் வருமா"ன்னாங்க. பத்திரிகைய செருப்புக் காலோட வாங்கக் கூடாது. எனக்கு ஷூ லேஸ் கட்டியே பழக்கமில்ல, காலையில பொண்ணுதான் ரெட்டை முடிச்சாப் போட்டு உட்டிருந்தா. அந்த முடிச்ச அவுத்து, கெழக்கப் பாத்து நின்னு, பத்திரிகை வாங்கி, குங்குமம் வெச்சி, மறுபடியும் ஷூவ மாட்டி முடிச்சி போடறதுக்குள்ள எனக்கு அழுகையே வந்துடுச்சு. சைக்கிள் பயணத்துக்கு வந்தவங்க எல்லாரும் எங்களத் தாண்டிப் போயிட்டாங்க. பின்னாடி வந்த ஆம்புலன்ஸ்கூட எங்களத் தாண்டிடுச்சு.

கச்சிராயபாளையத்துல ஒரு பங்காளி இவரு சைக்கிள் கேரியர்ல ஒரு பூசணிக்காய வெச்சிக் கட்டினாரு. "வூட்டுக்கு எடுத்துக்கினு போ." நாங்க வூட்டுக்குப் போவல, மலைக்குப் போறோம்னு யாரும் சொல்லல. இவரு "ஆவட்டும்ணே"ன்னாரு. இவரு யாருக்குத்தான் மாட்டேன்னு சொல்லியிருக்காரு.

அணைகிட்ட வரும்போது பொண்ணு, "ம்மா, எட்டே கால்"னா.

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். இனிமே எந்த வூட்டுலயும் நிக்காம போனா மட்டும்தான் பதினொண்ணுக்குள்ள மேல போவ முடியும். ஆனா இன்னும் ஒரு வூடு இருக்கு.

"ஏங்க, அண்ணி வூட்டுல நிக்க வேணாங்க. வரும்போது வந்துக்கலாம். போன் போட்டுச் சொல்லிடுங்க."

அவரு சைக்கிள ஓட்டிக்கினே என்னைப் பாத்த பார்வை இருக்குதே. "அக்கா வாசல்ல நிக்காம போறதா? நீ இன்னா பேசற? ஒரு அஞ்சு நிமிஷம்."

"இதுவரைக்கும் எங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு?"

"அது அக்கா"ன்னாரு. எனக்குத் தெரியும், அண்ணி வூட்டுல முக்கா மணி நேரம். நாட்டுக்கோழி அடிச்சிருப்பாங்க. எலை போட்டுதான் சாப்பாடு. சாப்ட்டதும் எந்திரிக்க உட மாட்டாங்க. முக்கா மணி நேரம் போச்சின்னா என் மெடலு போச்சு.

வளைவுல திரும்பினோம். ரோட்டுக்கு நடுவுலயே நிக்கறாங்க அண்ணி. புதுப்பொடவை, தலை நெறைய கனகாம்பரம், கையில ஆரத்தித் தட்டு. பின்னாடி வாசல்ல பாய் விரிச்சி எலை போட்டிருக்கு, கோழிக்கொழம்பு வாசனை ரோடு வரைக்கும் வருது. பொண்ணு பிரேக்கப் புடிச்சா. அவரு கால ஊனிட்டாரு.

எனக்கு இப்பவும் தெரியல, அது நானா பண்ணேனா, என் காலு பண்ணிச்சான்னு. நான் பெல்ல அடிச்சேன். அண்ணி ஒரு ஓரமா ஒதுங்கினாங்க, நான் வந்து நிக்கறதுக்கு எடம் உடறாங்களாம். நான் அந்த எடத்து வழியா பூந்து போயிட்டேன். போவும்போது "அண்ணி, மேல போயிட்டு வந்துடறேன் அண்ணி"ன்னு சொன்னேன்னு நெனைக்கிறேன். சத்தம் வெளிய வந்துச்சான்னு தெரியல. திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா நின்னிருப்பேன்.

இருவத்தியொரு வருஷ கல்யாண வாழ்க்கையில நான் பண்ண பெரிய தப்பு அதுதான். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கணும், ஆனா கைப்புடிய உட முடியல. பயமும் சிரிப்பும் ஒண்ணா வந்தா மூச்சு வாங்கும், அதுவும் ஏத்தத்துல. மொத கொண்டை ஊசியிலயே எறங்கிட்டேன்.

மலை ஏறினவங்களுக்குத்தான் தெரியும். ஒரு வளைவு முடிஞ்சா அப்பாடான்னு நிமுந்தா, தலைக்கு மேல இன்னொரு ரோடு போவும். அதுவும் நாம போவ வேண்டிய ரோடுதான். கொஞ்சம் சமமா இருந்தா ஏறி ஓட்டுவேன், ஏத்தமா இருந்தா தள்ளுவேன். போனு பொண்ணுகிட்ட மாட்டிக்கிச்சு, அதனால எதிர்ல வர்ற மோட்டார் சைக்கிளயெல்லாம் நிறுத்தி "மணி இன்னாங்க"ன்னு கேட்டுக்கினே போனேன். ஒருத்தன் ஒம்போதுன்னான், அடுத்தவன் ஒம்போதேகால்னான், அதுக்கடுத்தவனும் ஒம்போதேகால்னுதான் சொன்னான். அவனக் கும்புடணும் போல இருந்துச்சு.

ஒரு எடத்துல மலைக்காரம்மா ஒருத்தங்க புளிமூட்டைய வெச்சிக்கினு பஸ்ஸுக்கு நின்னாங்க. நான் மூச்சு வாங்கறதப் பாத்து, "எங்கம்மா போற?"ன்னாங்க.

"வெள்ளிமலைக்கு."

"பஸ்ஸு வருமே இப்ப. இத ஏன் தள்ளிக்கினு போற?"

"தள்ளிக்கினு போனா மெடலு குடுப்பாங்க."

அவங்க என்னையும் சைக்கிளையும் ஒரு வாட்டி பாத்தாங்க. "பித்தளையா?"ன்னாங்க.

"தெரியலிங்க."

"பித்தளைன்னா போ. தகரம்னா பஸ்ல ஏறிக்க"ன்னாங்க. நல்ல மனசு. கையில கொஞ்சம் புளியும் குடுத்தாங்க. அதை வாயில அடக்கிக்கினு அடுத்த மூணு வளைவு ஏறிட்டேன்.

வழியில ஒரு அருவிக்குப் பக்கத்துல, அந்த மெட்ராஸ்காரரு ரோட்டோரமா கால நீட்டி உக்காந்திருந்தாரு. கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சாம். கூட ரெண்டு பேரு நீவி உட்டுக்கினு இருந்தாங்க. என்னைப் பாத்ததும், "அக்கா, போங்க போங்க"ன்னு கையத் தட்டினாரு. நான் அவரைத் தாண்டிப் போனேன். இருவத்தேழு கியரு வெச்ச சைக்கிள அரசாங்க சைக்கிள்ல தாண்டினவ நான். அவருக்குக் காலு புடிச்சிக்கிச்சிங்கிறத இந்தக் கதைய வேற யாருகிட்டயாவது சொன்னா நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளிமலைக்குள்ள பூந்தப்ப ஜனம் ரெண்டு பக்கமும் நின்னு கை தட்டிச்சு. தோரணம் கட்டியிருந்தாங்க. பந்தலுக்குக் கீழ ஒரு கடிகாரம். பத்து அம்பத்தியொண்ணு. நான் எறங்கணும்னு நெனைச்சேன், காலு எறங்கல, ரெண்டு பசங்க சைக்கிளப் புடிச்சிக்கினாங்க. ஒரு காலேஜ் பொண்ணு வந்து, "ஆன்ட்டி, குனிங்க"ன்னா. குனிஞ்சேன். மெடலு கழுத்துல விழுந்துச்சு. நல்ல கனம். நீல ரிப்பன். பித்தளையோ தகரமோ, நான் பாக்கல. அழுதேன். வெக்கமில்லாம, மூக்கு ஒழுவ ஒழுவ அழுதேன். அந்தப் பொண்ணு பயந்துட்டு தண்ணி பாட்டிலக் குடுத்துச்சு.

ஒம்போது நிமிஷத்துல ரெண்டு நிமிஷம் மிச்சம் வெச்சி என் பொண்ணு வந்து சேந்தா. எப்பிடி வந்தான்னு தெரியல, பேய் மாதிரி மிதிச்சிருக்கா. வாயத் தொறந்தா கோழிக்கொழம்பு வாசனை. மெடல வாங்கி மாட்டிக்கினு என் பக்கத்துல மரத்தடியில வந்து விழுந்தா.

"அத்தை இன்னாடி சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலம்மா. நீ போன ரோட்டையே பாத்துக்கினு நின்னாங்க. அப்பறம் எங்களுக்கு சோறு போட்டாங்க. நான் ஒரு வாய் முழுங்கிட்டு கெளம்பிட்டேன். அப்பா கெளம்பல. எனக்கு பயமா இருக்கும்மா."

ஒண்ணுமே சொல்லலன்னா அது ரெண்டு வருஷம் இல்ல, பத்து வருஷம். மெடலக் கையில புடிச்சிக்கினே உக்காந்திருந்தேன். அண்ணி வூட்டுக்குத் திரும்பப் போய் கால்ல விழுந்துடலாமா, இல்ல வேற வழியா வூட்டுக்குப் போவ ரோடு இருக்கான்னு யோசிச்சிக்கினு இருந்தேன். சேலம் பக்கம் எறங்கற ரோடு ஒண்ணு இருக்குன்னு பொண்ணு போன்ல பாத்துச் சொன்னா.

பதினொண்ணரை இருக்கும். பந்தலுக்கு முன்னாடி ஒரு குட்டியானை வண்டி வந்து நின்னுச்சு. பின்னாடி என் புருஷன், அவரு சைக்கிளு, பூசணிக்கா, ரெண்டு பெரிய பாத்திரம், ஒரு கட்டு வாழையிலை. முன்சீட்டுலருந்து அண்ணி எறங்கினாங்க. கையில ஆரத்தித் தட்டும், துணி போட்டு மூடின சொம்பும். இவரு என் கண்ணையே பாக்கல. பூசணிக்காயப் பாத்துக்கினு உக்காந்திருந்தாரு.

நான் எந்திரிச்சி நின்னேன். அண்ணி கிட்ட வந்தாங்க. சொம்புலருந்து செவப்புத் தண்ணிய தட்டுல ஊத்தினாங்க, கற்பூரம் வெச்சிப் பத்த வெச்சாங்க, காத்துல அணைஞ்சிது, மறுபடியும் பத்த வெச்சாங்க. மூணு சுத்து சுத்தி என் நெத்தியில பொட்டு வெச்சாங்க. வெரலு நல்லா அழுந்துச்சு.

"கரைச்ச ஆரத்திய சுத்தாம கீழ ஊத்தக் கூடாது. அதான் வந்தேன்"னாங்க. அப்பறம், "இத்தினி வருஷத்துல என் வாசல்ல நிக்காம போன மொத ஆளு நீதான்"னாங்க.

"தப்புதான் அண்ணி."

அவங்க என் மூஞ்சப் பாக்கல. கழுத்தப் பாத்துக்கினு இருந்தாங்க. "இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான் அண்ணி."

"எங்க, காட்டு."

மெடல உள்ளங்கையில வெச்சித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. மேல இருக்கிற எழுத்த வெரலால தடவி ஒண்ணொண்ணா வாய்க்குள்ள கூட்டிப் படிச்சாங்க. கனம் பாத்தாங்க. திரும்பி, தம்பி எங்க இருக்காருன்னு ஒரு பார்வை பாத்தாங்க. அவரு பாத்திரத்த எறக்கிக்கினு இருந்தாரு. அப்பறம் எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "நான் ஒரு வாட்டி போட்டுப் பாக்கட்டுமா?"ன்னாங்க.

உண்மையச் சொல்றேன், எனக்குக் குடுக்க மனசு வரல. நான் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆவல. பொண்ணோடதக் குடுக்கச் சொல்லலாமான்னுகூட தோணுச்சு. ஆனா அண்ணி அவங்க வாழ்க்கையில என்கிட்ட கேட்ட மொத பொருளு அது. அதுக்கு முன்னாடி எல்லாம் அவங்க சொல்லுவாங்க, நான் செய்வேன். கழட்டினேன். "குனிங்க அண்ணி"ன்னேன். குனிஞ்சாங்க. கனகாம்பரத்துல ரிப்பன் மாட்டிக்கிச்சு, மெதுவா எடுத்து உட்டேன். நிமுந்து, தாலிச்சங்கிலிக்கு மேல அத நேரா வெச்சிக்கினாங்க.

"போட்டோ எடு"ன்னாங்க பொண்ணுகிட்ட. ரேஷன் கார்டுக்கு எடுக்கிற மாதிரி வெறைப்பா நின்னாங்க. பொண்ணு "சிரிங்க அத்தை"ன்னா. சிரிக்கல.

மரத்தடியில எலை போட்டாங்க. எங்க வூட்டுக்கு மட்டும் இல்ல, அங்க உக்காந்திருந்த எல்லாருக்கும். மெட்ராஸ்காரரு காலு நொண்டிக்கினே வந்து உக்காந்தாரு, அவருக்கும் நேரம் தாண்டிடுச்சாம். அண்ணி குனிஞ்சி குனிஞ்சி பரிமாறினாங்க. குனியும்போதெல்லாம் மெடலு கொழம்புல விழாம இடது கையால நெஞ்சோட புடிச்சிக்கினாங்க. கழட்டி வெக்கல. நானும் கேக்கல.

மெட்ராஸ்காரரு அவங்க கழுத்தப் பாத்துட்டாரு. "அம்மா, நீங்களும் ஓட்டினீங்களா?"ன்னு கேட்டாரு.

அண்ணி கரண்டியோட நின்னாங்க. என் புருஷன் தலைய நிமுத்தினாரு. அவங்களுக்கு சைக்கிள் ஏறவே தெரியாதுன்னு அவருக்குத் தெரியும், வாயத் தொறக்கப் போறாருன்னு எனக்குத் தெரிஞ்சிது. அவரு தொடையில நறுக்குன்னு கிள்ளினேன்.

"ஆமா"ன்னாங்க அண்ணி. ரொம்ப மெதுவா. கண்ணு என் பக்கம் வந்துச்சு.

"எனக்கு முன்னாடியே வந்துட்டாங்க"ன்னேன் நான். "நான்தான் லேட்டு."

மெட்ராஸ்காரரு எலையிலருந்து கையெடுத்துக் கும்புட்டாரு. அண்ணி என் எலைக்கு வந்து இன்னொரு கரண்டி கறி வெச்சிட்டு, அடுத்த எலைக்குப் போனாங்க.